நாற்பத்தேழாம் குறி

குறிப்பாணையை நடையக்கா இன்ஜினியரின் மேசை முன் நின்றபடியே படித்தாள். இரண்டாவது பத்தியில், "4, 11, 18 ஆகிய மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் பணிக்குச் செல்லாமலேயே சென்றதாகப் பதிவு செய்து" என்று இருந்தது. அந்த வரியை மறுபடியும் படித்தாள். காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன.

குடிநீர் அலுவலகத்தில் அவள் குழாய்ப் பாதை கண்காணிப்பாளர். பெரிய நீர்த்தொட்டியிலிருந்து ஊரின் கிழக்கு முனைவரை பூமிக்கடியில் போகும் பதினோரு கிலோமீட்டர் பிரதானக் குழாயின் மேல் நடந்து போவதுதான் வேலை. செவ்வாயன்று மேற்குப் பாதி, வெள்ளியன்று கிழக்குப் பாதி. எங்கே மண் காரணமில்லாமல் ஈரமாக இருக்கிறது, எந்த வால்வின் மூடி உடைந்திருக்கிறது என்று பார்ப்பாள். கையிலிருக்கும் ஜி.பி.எஸ் கருவியில் அந்த இடத்தைக் குறிப்பாள். கருவி ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணையும் விவரத்தையும் சீட்டில் எழுதி இன்ஜினியர் மேசையில் வைப்பாள். பதினெட்டு வருடமாக நடக்கிறாள். நடையக்கா என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

இரண்டு நாளைக்கு முன்பு, புதன்கிழமை காலையில், சலவைக்கடைத் தெருவில் அந்தக் குழாய் வெடித்தது. தண்ணீர் ஒரு பனை உயரம் எழும்பியது. பக்கத்துச் சுவர் சரிந்து, அதையொட்டி மேசை போட்டிருந்த இஸ்திரிக்காரரின் மேல் விழுந்தது. அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துபோயிற்று.

"சார், மூணு வெள்ளியும் நான் போனேன். அந்தச் சுவர்கிட்ட கசிவு இருக்குன்னு மூணு சீட்டு உங்க மேசையில வச்சேன்."

"சீட்டு எதுவும் வரலையேம்மா. ஃபைல்ல பாத்தாச்சு."

"முதல் சீட்டுல பச்சைப் பேனாவுல நீங்களே ‘பார்க்கவும்’னு எழுதினீங்க. என் கண்ணு முன்னாடி எழுதினீங்க."

"எழுதியிருந்தா இருக்கணுமே." இன்ஜினியர் கைப்பேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எனக்கு உங்க மேல கோவம் கீவம் எல்லாம் கிடையாது. வயசாகுது, கால் வலிக்கும், ஒண்ணு ரெண்டு நாள் போகாம இருந்திருப்பீங்க. மனுஷங்கதானே. தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிக் கொடுங்க. சின்ன தண்டனையோட நானே முடிச்சு விடறேன். இல்லன்னா திங்கக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. ஹெட் ஆபீஸ்ல இருந்து அம்மா ஒருத்தங்க வராங்க."

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஸ்டோர்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். சாமான் அறைக்குப் பொறுப்பானவர், வம்புக்குப் போகாத மனிதர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, உங்க ஜி.பி.எஸ்ஸ இப்பவே வாங்கி வைக்கச் சொல்றாரு. உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சிட்டு வேற ஆளுக்குக் கொடுக்கணுமாம்."

"எப்பலேருந்து இந்த அவசரம்? ரெண்டு வருஷமா ஸ்கிரீன் பாதி கறுத்துப்போச்சு, மாத்திக் கொடுங்கன்னு நாலு லெட்டர் எழுதினேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

"நான் என்னக்கா பண்ணட்டும்."

"எழுத்துல கேக்கச் சொல்லுங்க. எழுத்துல வந்தா திங்கக்கிழமை காலையில கொண்டுவந்து தரேன். வாயால கேட்டா எனக்குக் காது இல்லன்னு சொல்லுங்க."

பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. எதற்காக அழிக்க வேண்டும்? கருவி கொடுத்த புதிதில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்தவர் சொன்னது ஞாபகம் வந்தது: கருவி இயக்கத்தில் இருக்கும்வரை, போகிற வழியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தானே பதிந்துகொண்டு போகும், ஒவ்வொரு புள்ளிக்கும் தேதியும் நேரமும் உண்டு, மாதத்துக்கு ஒரு முறை கம்ப்யூட்டரில் இணைத்து எடுத்து வைக்க வேண்டும். ஆறு வருடத்தில் அலுவலகத்தில் ஒருவர்கூட எடுத்து வைத்ததில்லை. இன்னொன்றும் அவர் சொல்லியிருந்தார். இடம் நிரம்பினால் கருவி பழைய புள்ளிகளைத் தின்றுவிட்டுப் புதியதை எழுதும்.

வீட்டுக்கு வந்ததும் கருவியை அணைத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

அவள் கணவன் பள்ளி வேன் ஓட்டுபவன். நாற்பது குழந்தைகளின் கூச்சலை நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தாலும் பொறுக்காதவன். குறிப்பாணையைப் படித்துவிட்டு மேசையில் வைத்தான்.

"விடு. எழுதிக் கொடுத்துட்டு வேலையைப் பாரு. இன்னும் பத்து வருஷ சர்வீஸ் இருக்கு. அவனோட மல்லுக்கு நின்னு ஜெயிக்க முடியுமா?"

"போகலன்னு எழுதிக் கொடுக்கணுமா நான்?"

"ஒரு பேச்சுக்கு."

"ஒரு பேச்சுக்கு நாளைக்கு உங்க வேன்ல ஒரு பிள்ளைய நீங்க இறக்கி விடலன்னு எழுதிக் கொடுங்களேன். கொடுப்பீங்களா?"

அவன் எழுந்து போய்க் குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவினான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகின் மேல் வந்த கோபம் இன்ஜினியரின் மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை பரணிலிருந்து கருவியின் அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே இணைப்பு ஒயர் பிரிக்காத பிளாஸ்டிக் உறையில் அப்படியே இருந்தது. ஒரு முனை சின்னது, கருவியின் முதுகில் ரப்பர் மூடிக்குக் கீழே கச்சிதமாக உட்கார்ந்தது. மறுமுனை தடிமனாக, ஒன்பது துளையும் இரண்டு பக்கமும் திருகாணியுமாக இருந்தது. வீட்டிலிருந்த மடிக்கணினியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அந்த அளவுக்கு அதில் ஓட்டையே இல்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒயரைக் கையில் வாங்கி, செத்த பல்லியைப் பிடிப்பதுபோல் நுனியில் பிடித்தார்.

"இது சீரியல் போர்ட். இப்பல்லாம் இது எதுலயும் வராதும்மா. வீட்டுல சார் இருந்தா கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட விளக்கிச் சொல்றேன்."

"சார் வேன் ஓட்டறாரு. நீங்க என்கிட்டயே சொல்லுங்க. எனக்கும் காது ரெண்டு இருக்கு."

அவர் முகம் சற்று சுருங்கியது. யு.எஸ்.பி.யில் செருகுகிற ஒரு மாற்றியை எடுத்துக் கொடுத்தார். இதைப் போட்டால் தானாக வேலை செய்யும் என்றார். வீட்டில் போட்டாள். தானாக ஒன்றும் நடக்கவில்லை. மாற்றிக்குரிய டிரைவர் மென்பொருள் கிடைக்கவில்லை என்று மடிக்கணினி சொன்னது. மாற்றியோடு வந்த குறுந்தகட்டைப் போட அதில் இடமில்லை. இணையத்திலிருந்து ஒன்றை இறக்கினாள். இது போலிச் சில்லு, வேலை செய்யாது என்று அதுவும் கைவிரித்தது. மதியம் மூன்று மணிக்கு மாற்றியைக் கொண்டுபோய்க் கடைக்காரரின் மேசையில் வைத்தாள். பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று அவர் எழுதிவைத்திருந்த பலகையைக் காட்டினார். பலகைக்குக் கீழே அந்த மாற்றியை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஒன்பது முள் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று எங்கே இருக்கிறது என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். அதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் கடை கடையாக அலைந்தாள்.

அது அதே வீட்டின் பின்கட்டு அறையில், நாத்தனாரிடம் இருந்தது.

நாத்தனார் கணவனின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்துகொடுத்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறவள். பன்னிரண்டு வருடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை, அதன் விசைகள் தன் விரலுக்குப் பழகிவிட்டன என்று மாற்றாமல் வைத்திருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு கல்யாண வரவேற்பில், பத்துப் பேர் நடுவில், "எங்க அண்ணிக்கு ஊர் சுத்துறதுக்குச் சம்பளம்" என்று அவள் சொல்லப்போக, "சிலருக்கு ரூமை விட்டு வெளிய வராமலே வாய் மட்டும் ஊர் சுத்தும்" என்று நடையக்கா திருப்பிக் கொடுக்க, அன்றோடு பேச்சு நின்றது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே கொடியில் துணி உலர்த்தினார்கள். பார்வை மட்டும் சந்திக்கவில்லை.

ஞாயிறு காலை நடையக்கா பின்கட்டுக் கதவைத் தட்டினாள். நாத்தனார் திறந்தாள். நடையக்கா ஒன்றும் சொல்லாமல் குறிப்பாணையை நீட்டினாள். கெஞ்சுவதைவிட அது சுலபமாக இருந்தது.

நாத்தனார் தட்டச்சுக்காரியின் வேகத்தில் படித்தாள். மூன்று வெள்ளிக்கிழமை என்ற வரியில் கண் நின்றது.

"நாலாம் தேதி வெள்ளிக்கிழமை மழை. நீங்க நனைஞ்சு வந்து குடையை என் கதவுகிட்ட சாத்தி வச்சீங்க. தரையெல்லாம் தண்ணி. அன்னிக்கு நான் எவ்வளவு திட்டினேன்னு எனக்குத்தான் தெரியும்." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "வேலைக்குப் போகலையாமா? யார் அந்த ஆளு?"

"இன்ஜினியர்."

"எழுத்துப்பிழை ஆறு இருக்கு ஒரு பக்கத்துல. உள்ள வாங்க அண்ணி."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒன்பது முள் இணைப்பு ஒன்றுதான் இருந்தது. அதில் யு.பி.எஸ்ஸின் ஒயர் செருகியிருந்தது. நாத்தனார் அதைப் பிடுங்கி, கருவியின் ஒயரைத் திருகி மாட்டினாள். பெட்டியில் இருந்த குறுந்தகட்டிலிருந்து மென்பொருளை ஏற்றினாள். கருவியை இயக்கினார்கள். புதுப் புள்ளிகள் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக நடையக்கா ஜன்னலைச் சாத்தி, கருவியைக் கட்டிலுக்கு அடியில் ஒயர் எட்டும் தூரத்துக்குத் தள்ளி வைத்தாள். கூரையும் கட்டிலும் மறைத்தால் செயற்கைக்கோள் கிடைக்காது.

"கருவி காணப்படவில்லை" என்றது திரை.

"இங்கதான்டா இருக்கு, கண்ணு பொட்டையா" என்றாள் நாத்தனார் கம்ப்யூட்டரிடம்.

ஒயரைக் கழற்றி மாட்டினார்கள். மறுபடியும் காணப்படவில்லை. நாத்தனார் இணையத்தில் அந்தக் கருவியின் கையேட்டைத் தேடி எடுத்தாள். கருவியில் இணைப்பு முறை என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அது தயாரிப்பாளரின் சொந்த முறையில் இருந்தால்தான் கம்ப்யூட்டரோடு பேசும், வேறு முறையில் இருந்தால் வாய் திறக்காது என்று அதில் போட்டிருந்தது. அந்த அமைப்புக்குப் போகும் வழியோ கறுத்துப்போன பாதித் திரைக்குள் கிடந்தது.

"குருட்டாம்போக்குல அழுத்த வேண்டியதுதான்" என்றாள் நடையக்கா கட்டிலுக்கு அடியில் படுத்தபடி. "நீ படி, நான் அழுத்தறேன்."

"மெனுல அஞ்சாவது. நாலு தடவை கீழ. அழுத்துங்க. இப்ப திரும்ப நாலு தடவை கீழ. மெதுவா அண்ணி, ஒண்ணு ஒண்ணா."

"எண்ணத் தெரியும் எனக்கு."

"தெரிஞ்சா சரி. மூணு தடவையோட நின்னு அழுத்திட்டா ‘பாதையை அழி’ன்னு ஒண்ணு வரும். அதுல மட்டும் கை வைக்காதீங்க."

நடையக்காவின் கட்டைவிரல் நின்றுவிட்டது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். திரையின் மேல் பாதியில், தெரிகிற பகுதியில், கையேட்டில் இருந்த அதே தலைப்பு வந்தது. அதற்குக் கீழே சாதாரண எழுத்து முறை என்று இருந்தது. மாற்றினாள்.

"கருவி காணப்படவில்லை."

நடையக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து எழும்போது தலையில் இடித்துக்கொண்டாள். வலித்த இடத்தைத் தேய்க்கக்கூட இல்லை. மூன்று நாளாக அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. அந்த அறையில் இருக்கிற எல்லாவற்றையும் திட்டினாள்: கருவியை, அதைச் செய்தவனை, கடைக்காரரை, பச்சைப் பேனாவை, தட்டைக் கழுவிய முதுகை. கடைசியில் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள்.

"நீ சொன்னதையேதான் அவனும் எழுதியிருக்கான். ஊர் சுத்துறதுக்குச் சம்பளம்னு. நீ வாயால சொன்ன, அவன் லெட்டர்ஹெட்ல சொல்றான்."

நாத்தனார் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. திரையின் வலது மூலையில் இருந்த ஒரு சின்னப் படத்தைச் சுட்டியால் தொட்டாள்.

"யு.பி.எஸ்ஸோட புரோகிராம். ஒயரைத்தான் பிடுங்கினேன், இது இன்னும் போர்ட்ட விடாம பிடிச்சிட்டு உக்காந்திருக்கு. ஒருத்தன் உக்காந்திருக்கிற நாற்காலியில இன்னொருத்தன் எப்படி உக்காருவான்." அதை மூடினாள். மறுபடி அழுத்தினாள்.

பச்சைப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது. பட்டை முடிந்ததும் திரை முழுக்க எண்கள் கொட்டின. நாத்தனார் கீழே தள்ளிக்கொண்டே போனாள். இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள். முதல் வரியின் தேதி ஒன்று. நாலாம் தேதி முழுசாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் நடந்திருந்தால் போயிருக்கும்.

படமாக மாற்றியபோது, நடையக்கா நடந்த பாதை ஊதா நிறக் கோடாக வந்தது. சலவைக்கடைத் தெருவில் கோடு ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. நாலாம் தேதி ஒன்பது நிமிடம் அங்கே நின்றிருக்கிறாள்: குறி நாற்பத்தேழு. பதினொன்றாம் தேதி குறி ஐம்பத்தொன்று. பதினெட்டாம் தேதி ஐம்பத்தாறு. மூன்று குறிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன.

அன்றைக்கெல்லாம் அவள் இஸ்திரிக்காரரோடு பேசிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. சுவர் ஊறியிருக்கிறது என்று முதலில் காட்டியதே அவர்தான்.

நாத்தனார் நாலு பிரதி எடுத்தாள். காகிதத்துக்குக் காசு கேட்கவில்லை. "பக்க எண் போட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை விசாரணை கூட்ட அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிக்கிற பழக்கமுள்ள பெண்மணி. அவருக்கு எதிரில் இன்ஜினியர். நடையக்கா காகிதங்களைக் கொடுப்பதற்குள் இன்ஜினியர் ஒரு தாளை முன்னால் தள்ளினார்.

"காயம்பட்டவரோட வாக்குமூலம் மேடம். ஆஸ்பத்திரியில நேர்ல போய் வாங்கினேன். ஒரு மாசமா அந்தப் பக்கம் யாரும் பார்க்க வரலன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்."

நடையக்கா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். இஸ்திரிக்காரர். மூன்று வெள்ளியும் அவளிடம் பேசியவர். கையிலிருந்த பிரதியை அதிகாரியிடம் நீட்டினாள். அதிகாரி வரி வரியாகப் பார்த்தார். இன்ஜினியரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மேடம், நேரத்தைப் பாருங்க. நாலாம் தேதி, ரெண்டு மணி பத்து நிமிஷம். ராத்திரி ரெண்டு மணி. மதியம்னா பதினாலுன்னு வரும்." நடையக்காவிடம் திரும்பினார். "ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தத் தெருவுல உங்களுக்கு என்னம்மா வேலை?"

மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா குனிந்து சிரிப்பை மறைத்தான்.

நடையக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். குரல் உயரவில்லை. "சார், இந்தக் கேள்வியை எழுத்துல கேளுங்க. மேடம், அதை அப்படியே பதிவு பண்ணுங்க. பதினெட்டு வருஷம் இந்த ஆபீஸுக்கு நடந்திருக்கேன். இத மட்டும் எழுதாம விட்டுடாதீங்க."

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். அவன் சிரிப்பை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தான்.

"உட்காருங்கம்மா. நேரம் ஏன் இப்படி வருது?"

"எனக்குத் தெரியல மேடம். காலையில ஏழு மணி நாப்பது நிமிஷத்துக்குத்தான் நின்னேன். எடுத்துக் கொடுத்தவளுக்குத் தெரியும்."

"ரெண்டு மணி வரைக்கும் நேரம் தரேன். என் கண்ணு முன்னாடி கருவியிலிருந்து எடுத்துக் காட்டணும்."

அலுவலகக் கம்ப்யூட்டர்கள் ஒன்றிலும் ஒன்பது முள் இல்லை. நடையக்கா நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

ஒன்றரை மணிக்குப் பள்ளி வேன் அலுவலக வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் நாத்தனார். பின்சீட்டில் பழைய கம்ப்யூட்டரின் பெட்டியும் திரையும் குழந்தைகளுக்கான பெல்ட்டில் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தன. கணவன் இறங்கி, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். மூணு மணிக்குப் பள்ளி விடும். அவனுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று நடையக்காவுக்குத் தெரியும். ஆனாலும் நன்றி சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக் கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

நாத்தனார் ஒயர்களை மாட்டி முடித்துவிட்டு அதிகாரியைப் பார்த்தாள்.

"மேடம், செயற்கைக்கோளுக்கு நம்ம ஊர் நேரம் தெரியாது. உலகம் முழுக்க ஒரே கடிகாரம் அதுக்கு. நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னால. நேத்து நானும் தேதியைத்தான் பாத்தேன், நேரத்தைப் பாக்கல. அது என் தப்பு. ஆனா நான் சொல்றத நம்ப வேண்டாம். கருவியை நீங்களே வாசலுக்கு எடுத்துட்டுப் போங்க. அண்ணி எந்தப் பட்டன்னு காட்டுவாங்க. நீங்களே ஒரு குறி வைங்க."

அதிகாரி எழுந்தார். நடையக்கா கூடப் போனாள். வெயிலில் ஐந்து நிமிடம் நின்று கருவி வானத்தைப் பிடித்ததும் அதிகாரி தன் கட்டைவிரலாலேயே அழுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டார்: இரண்டு இருபத்தைந்து.

மேலே வந்து இணைத்தார்கள். பச்சைப் பட்டை ஊர்ந்தது. கடைசி வரியில் எட்டு ஐம்பத்தைந்து என்று வந்தது.

"காலையில ஒன்பது மணிக்கு முன்னாடி நான் இந்த வாசல்ல நின்னேனா, சார்?" என்று அதிகாரி இன்ஜினியரைக் கேட்டார்.

இன்ஜினியர் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார்.

"ரெண்டு பத்தோட அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டினா ஏழு நாப்பது. மூணு வெள்ளியும் இந்தம்மா அங்க நின்னிருக்காங்க. சீட்டு எங்க?"

"மேடம், அந்த வாரமெல்லாம் மேலதிகாரிங்க பார்வையிட வர்ற நேரம். குழாயைத் திறந்தா ரெண்டு நாள் தண்ணிய நிறுத்தணும். அப்புறம் பண்ணிக்கலாம்னு..." அவர் அங்கே நிறுத்திக்கொண்டார். ஆனால் குமாஸ்தா அந்த வரியையும் எழுதிவிட்டிருந்தான்.

அலுவலகத்திலிருந்து நடையக்கா நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். இஸ்திரிக்காரரிடம் கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன.

பொது வார்டின் கடைசிக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். கால் கம்பியில் தொங்கியது. மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். நடையக்காவைக் கண்டதும் அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் வரவே இல்லையா?" என்றாள் நடையக்கா.

அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "வந்தீங்க. எனக்குத் தெரியாதா? கால எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு அன்னிக்கு. அந்த சார் வந்து, இதுல கையெழுத்துப் போடு, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தறேன், கால காப்பாத்திடலாம்னாரு. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுத்தான் போட்டேன். படிக்காம போட்டேன்னு சொல்ல மாட்டேன்."

"மாத்தினாரா?"

"இல்ல."

அவள் தயார் செய்துவந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. கோபம் குறையவில்லை. கட்டிலில் கிடக்கிற ஆளின் மேல் அதை இறக்கிவைக்க முடியவில்லை, அவ்வளவுதான். பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து அவர் மனைவியிடம் கொடுத்தாள். மூன்று வரிகளை விரலால் காட்டினாள்.

"இது உங்க சுவர். இந்த மூணு நாளும் நான் எழுதிக் கொடுத்தேன்."

அந்த அம்மா விசிறியைக் கீழே வைத்தாள். "அப்ப இவங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே இந்த மனுஷனை அங்க நிக்க விட்டாங்க."

நடையக்கா பேனாவை எடுத்தாள். இஸ்திரிக்காரர் சொல்லச் சொல்ல, நடந்தது நடந்தபடி புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதினாள். கால் விஷயத்தையும், யார் என்ன சொல்லி முதல் கையெழுத்தை வாங்கினார் என்பதையும் விடாமல் எழுதினாள். அவர் படுத்தவாக்கிலேயே கையெழுத்துப் போட்டார். "தப்புதான்கா" என்றார். "தப்புதான்" என்று அவளும் சொன்னாள். ஆறுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை. அதைத் தலைமை அலுவலக அதிகாரியிடம் நேரில் கொடுக்க, அவர் மனைவி தாளை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

இரண்டாம் நாள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். கால் தப்பியது. சரியாக மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

நடையக்காவுக்கு அந்த வாரக் கடைசியில் கடிதம் வந்தது. "மேற்படி குறிப்பாணை ரத்து செய்யப்படுகிறது" என்று ஒரே வரி. கசிவை மூன்று முறை தெரிவித்தவர் என்று சேர்க்காமல் வாங்க மாட்டேன் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். மூன்றாவது தடவை சேர்த்து வந்தது. நாத்தனார் அதிலிருந்த ஒரு பிழையைச் சிவப்பில் சுழித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தாள்.

இன்ஜினியரை வேலையை விட்டு அனுப்பவில்லை. வடக்கு மண்டலத்துக்கு மாற்றினார்கள், அதே பதவி. ஸ்டோர்காரர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "எப்படியோ தொலைஞ்சார் அக்கா, இனிமே நிம்மதி" என்றார்.

"யாருக்கு நிம்மதி? வடக்கு மண்டலத்துலயும் குழாய் இருக்குல்ல? அங்க நடக்கிறது யாரு?"

ஸ்டோர்காரர் விசாரித்து ஒரு நம்பர் கொடுத்தார். அன்று மாலை நடையக்கா கூப்பிட்டாள். எடுத்தது குரலில் இளமையான ஒரு பெண். நாள் முழுக்க நடந்த களைப்பு பேச்சில் தெரிந்தது.

"என்னை உனக்குத் தெரியாதும்மா. நானும் குழாய் மேல நடக்கிறவதான். உங்க ஆபீஸுக்குப் புது இன்ஜினியர் வராரு. நீ கொடுக்கிற ஒவ்வொரு சீட்டுக்கும் நகல் எடுத்து உன் வீட்டுல வச்சுக்கோ. உன்கிட்ட ஜி.பி.எஸ் இருக்கா?"

"இருக்குக்கா. மஞ்சக் கலர்."

"ஒயர் இருக்கா?"

"என்ன ஒயர்?"

"பேனாவும் பேப்பரும் எடுத்துக்கோ" என்றாள் நடையக்கா. "சொல்றேன், எழுதிக்கோ."